வஞ்சிரத்தோட வெல

கோவமா கீறவளுக்கு,

போனப் போட்டுட்டு வாயத் தொறக்காம மொறச்சிகினு கீறேன்னு நெனச்சி என் நம்பரையே பிளாக் பண்ணிட்ட. நான் பேசிகினு தான் இருந்தேன், சத்தம் தான் வர்ல. நீ எண்ணூருக்கு உங்க அண்ணன் வூட்டுக்குப் போன மறுநாள்லேர்ந்து வெறும் காத்து தான் வருது. அதான் பேப்பர்ல எழுதறேன்.

காசிமேட்டுல எனக்குப் பதிலா இப்ப தோஸ்து டில்லிபாபு தான் மீன் ஏலம் வுடறான். வருஷக்கணக்கா கத்துன தொண்ட, ரெஸ்ட் குடுத்தா சரியாயிடும்னு மெளகும் பனங்கல்கண்டுமா வாங்கித் தர்றான். பத்து நாளாச்சி, ஒண்ணியும் ஆவல.

டோல்கேட்டாண்ட ஒரு தொண்ட டாக்டரு மூக்கு வழியா டியூப் வுட்டுப் பாத்தாரு. இருமச் சொன்னாரு. இருமுனேன், கணீர்னு சத்தம் வந்துச்சி. எனக்கே தூக்கி வாரிப்போட்டுச்சி. தொண்டயில ஒரு கோளாறும் இல்ல, மனசுல எதுனா அடிபட்டாலும் இப்டி ஆவும்னாரு. அப்ப நான் நடிக்கிறனான்னு கோவமா எழுதிக் காட்டுனேன். "நடிப்பில்லபா, இதுவும் நெசமான வியாதி தான். பயிற்சி குடுத்தா கொரல் திரும்பி வரும்"னாரு.

அப்பறம், கொரல் போறதுக்கு மின்னாடி கடைசியா சத்தமா இன்னா பேசுனேன்னு கேட்டாரு. வஞ்சிரத்தோட வெலன்னு எழுதிக் குடுத்தேன்.

வியாழக்கெழம வூட்டாளுங்க யாரையாவது இட்டுகினு வரச் சொல்லிக்கிறாரு. நீ வா. நீ கெளம்பிப் போன அன்னிக்கு வாசல்ல நின்னு உன்னப் பாத்து நான் கத்துனத நீயே அவராண்ட சொல்லிடு. எனக்கு அத எழுதக் கை வர்ல.

உன் வூட்டுக்காரன்