மிச்சமிருந்த சிலிண்டர்

எதை எழுதுவதானாலும் முதலில் வரிசைப்படுத்திக்கொள்ளாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அது உங்களுக்குத் தெரியும். இந்த மடலில் வரப்போவது:

1. இன்று காலை என் சமையலறையில் வந்த வாசனை.
2. எரிவாயுவை விற்கும் நாடுகள், வாங்கும் நாடுகள் பற்றி நமக்குள் தீராமல் போன வழக்கு.
3. நீங்கள் எனக்குத் தந்த சிலிண்டர் உங்களிடம் மிச்சமாக இருந்தது என்பதும், அதனால் உங்களுக்குச் சிரமம் எதுவும் இல்லை என்பதும்.
4. அதை உங்கள் மகளிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பது.

நான்காவதற்கு இன்னும் விடை தெரியவில்லை. எழுதிக்கொண்டே போனால் தெரியலாம்.

காலையில் பால் காய்ச்சும்போது கேஸ் வாசனை வந்தது. பயந்து அடுப்பை அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், டியூபில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். கசிவு எதுவும் இல்லை. பிறகுதான் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "கேஸுக்கு சொந்த வாசமே கெடையாதுயா. கசிஞ்சா தெரியணுமேன்னு, ஊட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இவங்களா கலக்குறது. அது லேசுல மேல வராது. அடியிலயே தங்கிகினு கடைசியா வரும். வாசம் தூக்கலா வந்தா சிலிண்டரு முடியப் போவுதுன்னு வெச்சுக்கோ."

ஆக, உங்கள் சிலிண்டர் முடியப்போகிறது.

அதைத் தீராமல் வைத்திருக்க நான் செய்த சிக்கனங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். சோறு ஒரு வேளைதான் வைக்கிறேன். வெந்நீருக்குக் கெட்டில். பருப்பை முன்தினமே ஊறவைத்துவிடுகிறேன். எனக்கென்று பதிவு செய்த சிலிண்டர் நீங்கள் போன பிறகு வந்து, சீல் உடைக்காமல் மேடைக்கடியில் நிற்கிறது. அதை மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மாட்டினால் உங்களுடையதைக் கழற்ற வேண்டும்.

நேற்று உங்கள் மகள் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தாள். எதிர்வீட்டைப் பூட்டிக்கொண்டே கேட்டாள்: "அங்கிள், வீட்டை காலி பண்றேன். கேஸ் கனெக்ஷன சரண்டர் பண்ணணும். ஏஜென்சியில அப்பா பேருல ரெண்டு சிலிண்டர் இருக்குன்றாங்க. உள்ள ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கன்னு உங்களுக்கு ஏதாவது ஐடியா இருக்கா?"

"பார்க்கிறேன்மா" என்றேன். ஏழடி தூரத்தில் என் அடுப்பில் அது எரிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்லாமலிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். நாளைக் காலை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாளை இன்றுதான்.

அவள் வருவதற்குள் இரண்டாவதை எழுதிவிடுகிறேன்.

மர்பி டவுனின் இந்தப் பழைய கட்டடத்தில் எதிரெதிர்க் கதவுகளில் நாம் குடியிருந்தோம். நான் அரசு நிறுவனம் ஒன்றின் எரிபொருள் கொள்முதல் பிரிவில் குறிப்புரை எழுதியே ஓய்வுபெற்றவன். நீங்கள் கோலார் தங்கவயலில் பிறந்து, பொறியியல் படித்து, எகிப்தின் கடற்கரையில் எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலேற்றும் ஆலையில் வேலை பார்த்தவர். வாங்கும் பக்கத்தின் காகிதங்கள் எனக்குத் தெரியும். விற்கும் பக்கத்தின் கடல் உங்களுக்குத் தெரியும். மனைவிமார் இருவரும் போன பிறகு நமக்கு மாலைகள் நிறைய இருந்தன. அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டு, தர்ஷினி ஓட்டலில் நின்றபடி ஒரு பை-டூ காபி. ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டு, எந்த டம்ளரில் அதிகம் என்று நீங்கள் குனிந்து பார்ப்பீர்கள். அதிகமிருப்பது எப்போதும் என் பக்கம் வந்துவிடும். "எனக்கு ஷுகரு" என்பீர்கள். காபி சர்க்கரை போடாததுதான்.

ஐரோப்பாவில் போர் மூண்ட வருடம் ஒரு மாலை நான் கொதித்துப்போயிருந்தேன். நமக்கென்று பல வருடங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்த எரிவாயுக் கப்பல்கள் நம் பக்கம் வராமல், கூடுதல் விலை கொடுக்கும் பக்கம் திரும்பிவிட்டன என்று பேப்பரில் வந்திருந்தது. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம் இல்லையா என்று கேட்டேன். என் சர்வீஸ் முழுவதும் நான் நம்பிய ஒரே சொல் அது.

"இன்னாயா பாயிண்ட்டு" என்று ஆரம்பித்தீர்கள். எதையும் ஒன்று, இரண்டு என்று சொல்கிறேன் என்பதால் நீங்கள் வைத்த பெயர். "வராத கப்பலுக்கு ஃபைன் கட்டுவான். ஃபைன் கம்மி, வேற எடத்துல விக்கிற லாபம் ஜாஸ்தி. குழாய்ல வர்றதுக்கு குழாய் போற வழிதான். கப்பலுக்கு கடல் பூரா வழி. சும்மா திருப்பிகினு போயிடுவான்."

"அப்படியானால் எந்த நாடும் விற்கக் கூடாது என்கிறீர்களா?"

"மொதல்ல அவன் அவன் ஊட்டு அடுப்பு எரியணும். அப்புறம்தான் ஏத்துமதி."

பிறகுதான் அந்தத் துறைமுக ஊரைப் பற்றிச் சொன்னீர்கள். ஆரம்பத்தில் கப்பல் கப்பலாக ஏற்றினீர்கள். ஊரே பெருமைப்பட்டது. சில வருடங்களில் உள்ளூர்த் தேவை ஏறியது, கிணறுகளில் வரத்து குறைந்தது, கோடைக்காலத்தில் மின்வெட்டு வந்தது. ஒரு சாயங்காலம் இருட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கடலைக் காட்டிக் கேட்டாராம்: அந்தக் கப்பலில் போனதெல்லாம் எங்களுடையதுதானே? அவர் கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது என்றீர்கள். உங்கள் ஆலை வேலையில்லாமல் நின்றது. விற்ற நாடே வேறொரு துறைமுகத்தில் கப்பல் நிறுத்தி வாங்கத் தொடங்கியது.

எனக்கும் மனம் கலங்கியது. ஆனாலும் பாயிண்ட்டை விடவில்லை. "தவறு ஏற்றுமதியில் இல்லை, கணக்கில்தான். தனக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று சரியாகக் கணக்கிட்டு, அந்த மிச்சத்தை மட்டும் விற்றால் விற்றவனுக்கும் கஷ்டமில்லை, வாங்கினவனுக்கும் கூச்சமில்லை. கொடுப்பது என்றாலே மிச்சத்திலிருந்து கொடுப்பதுதான்."

"மிச்சம்ன்றது நீ நேத்து போட்ட கணக்குயா" என்றீர்கள். "நாளைக்கு எவ்ளோ பசிக்கும்னு இன்னிக்கு எவனுக்குத் தெரியும்?"

நான் பதில் வைத்திருந்தேன்: சேமிப்புத் தொட்டிகள், பல நாடுகளிடம் பிரித்து வாங்குவது, உள்நாட்டுக் கிணறுகளுக்கு முன்னுரிமை. மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். நீங்கள் கேட்டுவிட்டு, "மூணும் நல்லாத்தான் கீது. காபி ஆறிப்போச்சு பார்" என்றீர்கள்.

கட்டடத்துக்கு பைப் கேஸ் கொண்டுவருவது பற்றி மொட்டைமாடியில் கூட்டம் நடந்ததே, அன்றும் இதே வழக்குதான். நீங்கள் எழுந்து, "இந்தக் குழாயோட ஒரு முனை உங்க கிச்சன். இன்னொரு முனை எங்க கீதுன்னு யாராவது யோசிச்சீங்களா? கடலுக்கு அந்தாண்டை!" என்று முழங்கினீர்கள். சிலிண்டரும் அதே கடலைத் தாண்டித்தான் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். "அதுக்குத்தான் ரெண்டு வெச்சிருக்கேன். பைப்பை ரெண்டாவதா ஒரு மூலையில எடுத்து வெக்க முடியுமா?" என்றீர்கள். ஓட்டெடுப்பில் நான் பைப் பக்கம். உங்களுக்கு எதிராகக் கையைப் பாதிதான் தூக்க முடிந்தது. "கைய தூக்குறியா, கக்கத்த சொறியிறியா? ஒழுங்கா தூக்கு குரு, எண்ணணும்ல!" என்று எல்லார் முன்னிலும் அதட்டினீர்கள். சிரிப்புக்கிடையில் முழுதாகத் தூக்கினேன். மஞ்சள் குழாய் இப்போது சுவர் வரைக்கும் வந்துவிட்டது. மீட்டர் இன்னும் வரவில்லை.

இனி மூன்றாவது.

வளைகுடாப் பக்கம் பதற்றம் என்று கப்பல்கள் தாமதமான நாட்களில் எனக்குச் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தும் வரவில்லை. ஏஜென்சிக்குப் போனால் "நாளே பன்னி சார்" என்று கன்னடத்தில் நாளைக்கு வரச் சொன்னார்கள், மறுநாளும் அதையேதான். உங்களிடம் கேட்கக் கூச்சம். ஆனால் என் வீட்டில் குக்கர் சத்தம் கேட்கவில்லை என்பதை எதிர்க்கதவு கண்டுபிடித்துவிட்டது. நடையில் இரும்பு உருளும் சத்தம் கேட்டது. சிலிண்டரைச் சாய்த்து, அடிவளையத்தின் ஓரத்தில் உருட்டிக்கொண்டு வந்தீர்கள்.

"உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட ரெண்டு கீதுயா. இது சும்மா குந்திகினு கெடக்குது. உன் பாஷையில சொன்னா மிச்சம். ஏத்துமதி பண்றேன், வாங்கிக்கோ."

கதவுக்கு வெளியே நின்று அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தீர்கள். என் பாயிண்ட்டை ஒருவழியாக ஒப்புக்கொண்டீர்கள் என்று எனக்கும் உள்ளூரப் பெருமை. அடுத்த சில வாரங்கள் தினமும் தர்ஷினிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். காபி போதாமல் செட் தோசை, சில நாள் அதற்கு மேல் ஒரு பிஸிபேளேபாத். "ஷுகர் என்று சொல்லிவிட்டு இப்படிச் சாப்பிடலாமா?" என்று கண்டித்தேன். "வாய் கேக்குது குரு, சும்னே இரு" என்றீர்கள். தட்டில் ஒன்றும் மீதி வைக்க மாட்டீர்கள்.

மழை நின்ற ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு ஏரிப் பக்கம் நான் போகவில்லை. ஒருவன் தனியாகப் போய் பை-டூ கேட்க முடியாது.

இந்த மாதங்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒன்றுதான். யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது என்று பயந்தே வாழ்ந்தவன் நான். உங்களிடம் வாங்கியதும் உங்களுக்கு வேண்டாததாக இருந்த ஒன்று. அதில் உங்களுக்கு ஒரு குறைவும் வரவில்லை.

இதுவரை எழுதியபோது காலிங் பெல் அடித்தது.

இப்போது மதியம். அவள் போய்விட்டாள். மீதியை எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததுமே சொல்லிவிட்டேன். "அம்மா, இன்னொரு சிலிண்டர் என்னிடம்தான் இருக்கிறது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். இன்றோ நாளையோ தீர்ந்துவிடும். அதுவரை..."

அவள் கோபப்படவில்லை. சமையலறை வரை வந்து பார்த்தாள். "அப்போ டீ போட்டுத் தீத்துடலாம் அங்கிள்" என்றாள். அப்படியே உங்கள் குரல்.

நான் பாத்திரத்தை வைத்தேன். சுடர் நீலமாக நின்றது, பிறகு ஓரங்களில் மஞ்சளித்தது, துள்ளியது. பால் பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அடங்கிவிட்டது. இருவரும் பர்னரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள்தான் அடுப்பின் குமிழைத் திருகி மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, என் சிலிண்டரின் சீலை உடைத்து மாட்டினாள். மாட்டியதும் காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள்.

டீ குடிக்கும்போது சொன்னாள்: "வீட்டுல இருந்தத தூக்கிப் பாத்தேன் அங்கிள், சுத்தமா காலி. இப்பத்தான் புரியுது. அப்போ போன் பண்றப்போல்லாம் தர்ஷினியில இருக்கேன்னு சொல்வார். ஏம்பா டெய்லி வெளியில சாப்பிடறன்னு திட்டுனேன். ஊட்ல கேஸ் இல்லம்மா, ஏத்துமதி ஆயிடுச்சுன்னார். யாருக்குப்பான்னேன். பாயிண்ட்டுக்குன்னார். எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஏதோ கம்பெனின்னு நெனச்சேன்."

சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். "அவர் போன்ல உங்க நம்பரே அப்படித்தான் அங்கிள் இருக்கு. உங்க நெஜப் பேரு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

பேரைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "வரேன் பாயிண்ட் அங்கிள்" என்றுதான் விடைபெற்றாள். காலி சிலிண்டரைச் சாய்த்து, ஓரத்தில் உருட்டிக்கொண்டு நடையில் போனாள். அந்தச் சத்தம் எதிர்க்கதவைத் தாண்டி, படிக்கட்டு வரை போனது.

முதலில் அவனவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று எத்தனை மாலைகள் என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். உங்கள் அடுப்பில் இருந்த மற்றொன்று கொஞ்சநாளில் தீர்ந்திருக்க வேண்டும். அதற்குள் நான் மாட்டியதைத் திரும்பக் கேட்கவில்லை. எதிர்க்கதவிலிருந்து என் குக்கர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "காபிக்கு வரியாயா?" என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு செட் தோசைக்காக நான் உங்களைக் கண்டித்திருக்கிறேன்.

நாடுகளைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி என்று இப்போதும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. என் தொட்டிகளையும் ஒப்பந்தங்களையும் முற்றாக விட்டுவிடவும் மனமில்லை. நீங்கள் விட்டுப்போன அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒருத்திக்கு நான் பாயிண்ட்.

புது சிலிண்டரில் வாசனை இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து முதல் பக்கத்தை மறுபடி படித்தேன். வரிசையை அடித்துத் திருத்தவில்லை. திருத்தினால் உங்களுக்குப் பிடிக்காது. மூன்றாவது தவறு. உங்களிடம் மிச்சம் இருக்கவில்லை.