உப்புப் பாக்கெட்டின் பின்பக்கம்

சென்னை – 1
1.6.2025

ப்ரியா,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். பார்த்தால் நீ சிரிக்கலாம். கிழிக்கலாம். இரண்டுக்கும் இடம் விட்டு வைக்கிறேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்து ஏழு மாதம். அதனால்தான் தபால். பாரிமுனையில் உறை கேட்டதும் கவுன்ட்டரில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “லெட்டராம்மா? கையால எழுதுறதா?” ஆமாம். கையால்.

போன வாரம் அம்மாவைப் பார்க்கக் கீழ்புத்துப்பட்டு போனேன். பஸ் ஜன்னலில் உப்பளம். வெள்ளைக் குவியல்கள். அப்புறம் நம் கடை, மூன்று நொடி. புதுப் பலகை வைத்திருக்கிறாய். மஞ்சளில் சிவப்பு எழுத்து. ‘ஆறு பேர் மெஸ். இங்கே எல்லாமே நம்ம ஊரு விளைச்சல்!’

நான் வந்துவிட்ட பிறகு நீங்கள் ஐந்து பேர். எண்ணை நீ மாற்றவில்லை.

இறங்கியிருக்கலாம். டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார். இறங்கவில்லை.

சாலையை அகலப்படுத்த ஆகஸ்ட் கடைசியில் கடையை இடிக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். ஒன்றியத்து மகளிர் குழுக்களுக்குச் சமையல் போட்டியாம். ஜெயிக்கிற குழுவுக்கு, கார்கள் நிற்குமிடத்தில் கட்டியிருக்கும் புதுக் கட்டடம், மூன்று வருடத்துக்கு. ஒரே விதி. போடுகிற பொருள் எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ். கன்டெய்னரில் என்ன வந்தது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தட்டச்சு செய்வேன். ஒரு நாளில் நாற்பது முறை உன் சமையலறையைத் தட்டச்சு செய்கிறேன் ப்ரியா. துவரம்பருப்பு, மொசாம்பிக். உளுந்து, மியான்மர். பாமாயில், இந்தோனேசியா. பட்டை, வியட்நாம். கிராம்பு, மடகாஸ்கர். பெருங்காயப் பிசின், ஆப்கானிஸ்தான். பண்ருட்டியில் உடைக்கிற முந்திரியில்கூடப் பாதி ஆப்பிரிக்காவில் காய்த்தது.

பலகையை இறக்கிவிடு. யாராவது கேட்பதற்குள்.

பூவிழி


மரக்காணம்
9.6.2025

பூவிழி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் சாம்பாரைப் பற்றித் துறைமுகமே கவலைப்படுவது பெருமையாக இருக்கிறது.

அரிசி பெருமுக்கல் வயல். நெத்திலி காலையில் குப்பத்து மணலில் ஏலம் எடுத்தது. பருப்பு மரக்காணம் கடைத்தெருவில் வாங்கியது. நான் மொசாம்பிக் போனதில்லை.

கடிதத்தைச் சமையல்கட்டில் சத்தமாகப் படித்தேன். தனகோடி அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “பெருங்காயத்தப் பத்தி அவ பேசுறாளா? அவ போன அன்னிக்குத்தான் நம்ம பெருங்காய டப்பா காணாமப் போச்சு. அதக் கேளு மொதல்ல.”

கேட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், நூற்றிருபது சாப்பாட்டு ஆர்டர். அடுப்பில் உலை. நீ வேலை கிடைத்த கடிதத்தோடு வாசலில் நிற்கிறாய். மறுநாள் சேர வேண்டும் என்கிறாய். “போ, போய்க் கப்பல் சாமான எண்ணு” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். எண்ணுகிறாய் போலிருக்கிறது. சந்தோஷம்.

பலகை இருக்கும்.

ஜெயப்ரியா
குழுத் தலைவி

பி.கு.: பிளாக்கும் இருக்கும்.


சென்னை – 1
14.6.2025

தலைவி அவர்களுக்கு,

எண்ணுகிறேன். உண்மைதான்.

அந்த நூற்றிருபது சாப்பாட்டை நான் மறக்கவில்லை. அன்று பஸ்ஸில் செங்கல்பட்டு வரைக்கும் விரலில் வெங்காய வாசம் இருந்தது. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. அடுப்புக்கு இடப்பக்கம் கண்ணாடி பாட்டிலில் உப்பு இருக்கும். அதில் கொட்டுகிற பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்.

பூவிழி


மரக்காணம்
6.7.2025

பூவு,

திருப்பிப் பார்த்தேன். குஜராத்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடை வாசலில் நின்றால் உப்பளம் தெரியும். காற்று திரும்பினால் உதட்டில் உப்புக் கரிக்கும். அம்மா முப்பது வருடம் அங்கே உப்பு வாரினாள். அவள் வாரியது லாரியில் போனது. நாங்கள் பாக்கெட் வாங்கினோம். நைஸாக இருந்தது, வெள்ளையாக இருந்தது. எந்த ஊர் உப்பு என்று ஒருநாளும் கேட்கவில்லை. மரக்காணத்தில் நின்றுகொண்டு அதை யார் கேட்பார்கள்?

நான்காம் நாள் சொன்னேன்.

“அக்கா, இது குஜராத் உப்பு.”

“போடி. உப்புன்னா உப்பு. அதுக்கு ஏது ஊரு?”

“பின்னாடி போட்டுருக்குது பாருங்க.”

தனகோடி அக்கா பாக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உப்பளத்தைப் பார்த்தார். மறுபடி பாக்கெட்டை.

“அப்ப நம்ம உப்ப எவன்டி துன்றான்?”

அன்று மாலையே பலகையை இறக்கினோம். சுவரில் நான்கு ஆணி மட்டும் நிற்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். அலமாரியை மொத்தமாகத் தரையில் கொட்டி ஊர் ஊராகப் பிரித்தோம். மறுநாள் கடைக்காரரிடம், மொத்த வியாபாரியிடம், மூட்டைகளின் சீட்டில் எல்லாம் விசாரணை. துவரை போனது. உளுந்து போனது. பெருங்காயம் போனது. கடுகும் சீரகமும் வடக்கே எங்கேயோ விளைகிறதாம், அதுவும் போனது. தாளிக்க ஒன்றும் இல்லை. “கடுகு வெடிக்காத கொழம்பா? சாவு ஊட்டுச் சமையலா இது?” என்று அக்கா ஒரு நாள் முழுக்க வேலை நிறுத்தம்.

மிச்சம் இருந்ததை வைத்துத் தொடங்கினோம். கேழ்வரகு, காராமணி, கடலை எண்ணெய். மூன்றும் திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம். சாலையோர மரத்துப் புளி. மிளகாய், கறிவேப்பிலை, மாங்காய். நெத்திலி. முதல் நாள் ஒரு லாரி டிரைவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். “யாருக்காவது ஒடம்பு சரியில்லையாம்மா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். அக்கா இரண்டு நாள் அடுப்பை விட்டு நகரவில்லை. பிறகு வேர்க்கடலையையும் நெத்திலிக் கருவாட்டையும் வறுத்து அம்மியில் நுணுக்கி, கொதிக்கிற குழம்பில் தூவினார். ஒன்பதாம் நாள் அதே டிரைவர் வந்தார். மூன்று முறை குழம்பு கேட்டார்.

இனி உப்பு.

இருசப்பனின் உப்பு மில்லுக்குப் போனேன். நம் பாத்தி உப்பைத்தான் அரைத்து, அயோடின் தெளித்து, மூட்டை கட்டி வெளியூர் அனுப்புகிறார். ஒரு மூட்டை கேட்டதும் என்னை விநோதமாகப் பார்த்தார். “உள்ளூர்க்காரங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லம்மா.” அயோடின் எங்கிருந்து என்றேன். “டிரம்முல வருது. அதுக்கு மேல நமக்கு எதுக்கு?” என்றார். நீலப் பிளாஸ்டிக் டிரம். பொட்டாசியம் அயோடேட். கம்பெனியின் பெயரைத் தனித் தாளில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன்.

அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கச் சட்டம் விடாது. வேதியியல் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் ரெக்கார்டு நோட்டை எழுதித் தந்தவள் நீ. அந்த அயோடின் எந்த ஊர் என்று கண்டுபிடித்துச் சொல். போட்டி ஆகஸ்ட் இரண்டு.

ப்ரியா

பி.கு.: ‘பூவு’ என்று எழுதியதை இப்போதுதான் கவனித்தேன். அடிக்கவில்லை.


சென்னை – 1
12.7.2025

அன்புள்ள ப்ரியா,

நானும் அடிக்கவில்லை.

பழைய பதிவுகளில் தேடினேன். அந்தக் கம்பெனிக்கு வருகிற அயோடின் சிலியிலிருந்து. தென் அமெரிக்காவின் மேற்கு ஓரம். மழையே பெய்யாத ஒரு பாலைவனத்தில் வெட்டி எடுக்கிறார்கள். அதை இங்கே அயோடேட் ஆக்குகிறார்கள். ஒரு டன் உப்புக்கு ஐம்பது கிராம் போல.

உலக வரைபடத்தை விரித்து மரக்காணத்தில் ஒரு விரல் வைத்தேன். சிலியில் இன்னொரு விரல். என் கை போதவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். படிவத்தில் அதை எழுதாதே. வெளிப்பொருள் ஒன்று இருந்தாலும் நீக்கம் என்பது விதி. பலகையை இறக்கச் சொன்னவளே இதைச் சொல்கிறாளா என்று நீ கேட்பாய். ஆமாம். உண்மைக்கு எடை உண்டா என்று தெரியவில்லை. உண்டென்றால் ஐம்பது கிராமைத் தராசில் வைக்க வேண்டாம். மறுபக்கத் தட்டில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கடையை இடித்துவிட்டால் தனகோடி அக்கா இந்த வயதில் உப்பளத்துக்கா போவார்?

யாரும் கேட்க மாட்டார்கள். எழுதாதே.

பூவு


மரக்காணம்
3.8.2025

பூவு,

ஜெயிச்சிட்டோம்டி!

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கல்யாண மண்டபம். ஒன்பது குழு, ஒன்பது மேசை. நடுவராக ஓர் அம்மா. நரைத்த கிராப், காலில் ரப்பர் செருப்பு. தட்டைத் தொடவே இல்லை அவர். மைக்கை வாங்கி முதல் கேள்வி கேட்டார். “உப்பு எங்கேருந்து வருது?”

மண்டபமே சிரித்தது. பின்னால் யாரோ, “மேடம், இது மரக்காணம்!” என்று கத்தினார்கள். விசில்.

அவரும் சிரித்தார். “தெரியும்மா. பாக்கெட்ட எடுத்துக் காட்டுங்க.”

எட்டு மேசையில் எட்டுப் பாக்கெட் வெளியே வந்தது. எட்டும் திரும்பியது. சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அணைந்ததை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஜூன் மாதத்து என் முகம் அது, எட்டுத் தடவை.

எங்கள் மேசைக்கு வந்தார். இருசப்பன் மில் மூட்டை. படிவத்தை எடுத்துப் படித்தார். கடைசி வரி என் கையெழுத்தில்: ‘உப்பில் அயோடின் – சிலி நாடு. டன்னுக்கு ஐம்பது கிராம்.’

ஆமாம். எழுதினேன். நீ எழுதாதே என்று சொன்ன பிறகும். உன் கடிதத்தை மற்ற நான்கு பேருக்கும் படித்துக் காட்டினேன். யார் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். தனகோடி அக்காதான். “அவ நம்ம மேல பாசத்துல சொல்றா. அதுக்காவ மறுபடியும் பொய்ப் பலகைக்குக் கீழ ஒக்காரச் சொல்றியா? எழுதுடி.”

நடுவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பக்கத்தில் நின்ற அதிகாரி எட்டிப் பார்த்து, “விதிப்படி இவங்கள நீக்கணும் மேடம்” என்றார்.

ஐம்பது கிராம். நீ சொன்னது சரிதான் என்று நினைத்தேன். மற்ற நான்கு பேரின் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவர் மைக்கில் சொன்னார்: “விதிப்படின்னா ஒம்பது குழுவையும் நீக்கணும் சார். அப்ப கட்டடத்த யாருக்குக் குடுப்பீங்க? தாங்க என்ன சமைக்கிறோம்னு கடைசிச் சிட்டிகை வரைக்கும் தெரிஞ்சு சமைச்சது ஒரு மேசதான்.” பிறகு தட்டை எடுத்தார். களி, நெத்திலிக் குழம்பு, காராமணி, மாங்காய். ஒரு வாய் வைத்தார். தட்டைத் திரும்ப நீட்டினார். தனகோடி அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, “கடுகு போடல மேடம், பாத்துக்குங்க” என்றார்.

எங்கள் பெயரைச் சொன்னபோது அக்கா கரண்டியோடு ஆடினார். வேட்டு வெடித்தது யார் என்று தெரியவில்லை. உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார்கள், முழங்கால் வரைக்கும் வெள்ளை பூத்து. அம்மாவும் நின்றாள். நம் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். “நம்முதுதான்” என்றாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

இன்னொன்று கேள். சாயங்காலத்துக்குள் இருசப்பனுக்கு எட்டு போன். எட்டுக் குழுவும் உப்பு கேட்கிறதாம். சிறு பாக்கெட் போட மிஷின் பார்க்கப் போகிறார்.

உன் பேச்சைக் கேட்காததற்குக் காரணம் உன் முதல் கடிதம்தான். அதற்கு இந்தக் கடிதம்தான் பதில். முன்பு கிண்டலாக எழுதியதைப் பதிலாக வைத்துக்கொள்ளாதே. அன்று வாசலில் உன்னிடம் கத்தியதையும்.

புதுப் பலகை எழுதப் போகிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் ஊர். பெரிய எழுத்தில் உப்பு – மரக்காணம். அதற்குக் கீழே அயோடின் – சிலி. தூரத்திலிருந்து வருவதெல்லாம் நிற்கட்டும் என்று சொல்லவில்லை. வந்தால் அதன் பெயரோடு வரட்டும். உளுந்தையும் திரும்பச் சேர்க்கிறோம், மியான்மர் என்று எழுதி. இட்லி இல்லாமல் லாரிக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கடைசியில் சமைக்கிறவர்களின் பெயரும் ஊரும். ஐந்து வரி ஆயிற்று. தலைப்பு ‘ஆறு பேர் மெஸ்’. பெயிண்டர் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒண்ணு இடிக்குதே” என்கிறார்.

ஆறாவது வரியில் ‘பூவிழி – கீழ்புத்துப்பட்டு’ என்று போடச் சொல்லட்டுமா? இல்லை, தலைப்பை மாற்றட்டுமா?

பதினோராம் தேதி, திங்கள் காலை எழுதுகிறார். பிளாக்கை எடுத்துவிட்டேன். இருந்தாலும் நீ எழுதியே அனுப்பு.

ப்ரியா


சென்னை – 1
7.8.2025
ஸ்பீட் போஸ்ட்

அன்புள்ள ப்ரியா,

உன் கடிதத்தை ஆபீசில் நின்றபடியே படித்தேன். என்னம்மா, வீட்டில் விசேஷமா என்றார்கள். ஆமாம் என்றேன்.

பெருங்காய டப்பா என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பது மாதமாக அறையில் அலமாரியின் மேல்தட்டில். ஒரு நாளும் சமைக்கவில்லை. திறந்து மூடுவேன், அவ்வளவுதான். எடுத்து வருகிறேன். பக்கத்தில் ஆப்கானிஸ்தான் என்று எழுதிவிட்டால் போயிற்று. அக்காவிடம் நானே சொல்லி அடி வாங்கிக்கொள்கிறேன்.

வேலையை உடனே விட முடியாது. வெள்ளி இரவு ஏறினால் சனி காலை உன் அடுப்படியில் இருப்பேன். இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால் முடியும்.

தலைப்பை மாற்றாதே. ஆனால் கீழ்புத்துப்பட்டு என்று மட்டும் போட்டால் பலகை மறுபடி பொய் ஆகிவிடும். பெயிண்டரிடம் இப்படி எழுதச் சொல்:

பூவிழி – கீழ்புத்துப்பட்டு. சென்னைத் துறைமுகம் வழியாக. சனி, ஞாயிறு மட்டும்.

உன்
பூவு