தலைக்கு ஊற்றிய குட்டி

20.7.98, திங்கள், ஆஸ்டின் டவுன். காலை ஆறு மணியிலிருந்து நாய்க்குட்டி பால் குடிக்கவில்லை.

ரூபினி அப்பா, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வெந்நீர் பாட்டிலை மாற்றி, துணி சுற்றி, அட்டைப் பெட்டியில் அதன் பக்கத்தில் வையுங்கள். கரைத்த பால் அடுப்பு மேடையில் இருக்கிறது. இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாத்திப் பிடித்தால் புரையேறும். உங்களுக்குச் சாதம் குக்கரில்.

சனிக்கிழமை டாக்டர் சொன்னதை உங்களிடம் மறைத்துவிட்டேன். குட்டிக்கு இருபது நாள்கூட ஆகவில்லையாம். அந்த வயதில் உடம்பு சூட்டைத் தாங்கி வைக்காது, குளிப்பாட்டவே கூடாது என்றார்.

சிவாஜிநகரிலிருந்து நீங்கள் தூக்கி வந்த அன்று, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, தலைக்கு ஊத்தாம உள்ள விடமாட்டேன்" என்று வாசலில் நின்றவள் நான். "வேணாம் தமயந்தி, பச்சக் குட்டி" என்றீர்கள். நேற்று குட்டியை அங்கே அதன் தாயிடமே கொண்டுபோனேன். சோப்பு வாசனையை முகர்ந்துவிட்டுத் தாய் விலகிப் போய்விட்டது. இத்தனைக்கும் குட்டி சோர்ந்து கிடப்பதற்கு மூன்று நாளாக உங்களைத்தான் திட்டினேன்.

பி.கு.: வீட்டைப் பூட்டுமுன் தொட்டுப் பார்த்தேன். பாட்டில் சூடாக இருந்தது, குட்டி சில்லிட்டிருந்தது. உங்கள் பழைய பனியனில் சுற்றி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். மேலே எழுதியவற்றில் சாதம் மட்டும்தான் மிச்சம். ரூபினி பள்ளி விட்டு நாலு மணிக்கு வருவாள்.