தெற்கத்தி அடிக்கோல்

மூன்றாம் மாதம், 6
மழை விட்டது. மடத்தின் பெரிய மண்டபத்துக்கு, தூண் தலையில் உட்காரும் போதிகைகள் முடிந்தன. என் மனைவி யூன்னியாங்கின் தம்பி ருவான் பெய், ஹாங்ஜோவிலிருந்து வந்து நாலு மாதமாகச் செதுக்கியவை. கவராயம் வைத்துப் பார்த்தேன். உயரம் பதினைந்து கூறு, அகலம் பத்துக் கூறு, இம்மி பிசகவில்லை. மச்சினன் கைகாரன்தான்.

9
தூணில் ஏற்றினோம். சேரவில்லை. எல்லாமே சின்னது.

பெய்யின் அடிக்கோல் அவன் தெற்கத்தி ஊர்க் கோல். நம் அடியைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. விகிதம் சரியாக இருந்ததால் நான் ஏமாந்தேன். என் கோலை ஒரு தடவை வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? முப்பது வருடத் தச்சன் நான். வெட்கமாக இருக்கிறது.

மேற்பார்வை அதிகாரி கோங் உத்தரவு போட்டுவிட்டார்: மரத்தைக் கெடுத்தவனுக்கு இருபது பிரம்படி, பிறகு ஊரைவிட்டே அனுப்ப வேண்டும்.

10
யூன்னியாங்குக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்தத் தம்பிதான்.

“நீங்கதானே பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க? இப்ப அவன் முதுகு மட்டும் பழுக்கணுமா?”

கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். “விடுங்க அத்தான். உங்க வடக்கத்திச் சாப்பாட்டையே தாங்கிட்டேன், பிரம்பு என்ன பெரிசு?” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11
இன்னும் பேசவில்லை அவள்.

12
போதிகைகளை என் கோலால் அளந்தேன். தச்சு விதிப்படி பெரிய மண்டபத்துக்கு மூன்றாம் தர அளவு, அதாவது ஏழரை அங்குல உயரம் வேண்டும். இவை ஆறரைக்குக் கொஞ்சம் மேல். அது அப்படியே ஐந்தாம் தரம்! ஒன்றுகூடத் தப்பவில்லை — ஒரே கோல், ஒரே குறைவு. மரம் கெடவே இல்லை. ஒரு சின்ன மண்டபத்துக்கு முழுசாகத் தயாராக நிற்கிறது. சுவடி வைக்க இடமில்லை என்று மடத்துத் தலைவர் வருடக்கணக்கில் புலம்புகிறாரே?

13
தலைவருக்கு வாயெல்லாம் பல். கோங் மட்டும் இளகவில்லை.

“மரம் பொழச்சுது, சரி. அவன் இருந்துட்டுப் போகட்டும். ஆனா போட்ட உத்தரவு போட்டதுதான். யாராவது வாங்கியாகணும்.”

“சரிபாத்தவன் நான்,” என்றேன். அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை.

இருபது அடியைப் பத்தாகக் குறைத்தார்.

15
குப்புறப் படுத்து எழுதுகிறேன். பெய் விடியும்போதே புது மரம் அறுக்கப் போய்விட்டான். யூன்னியாங் முதுகில் மருந்து தடவுகிறாள்.

“அசையாதீங்க” என்றாள். ஐந்து நாளைக்குப் பிறகு ஒரு வார்த்தை.

நான் அசையவில்லை.