முதல் பரிசு வாங்கிய தோரணம்

மச்சாள்,

போன கிழமை பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் முன்னம் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு ஒன்றுகூடல் வைத்தார்கள். வாசலில் கால் வைத்ததுமே கண்டேன். காய்ந்த நெற்கதிர்க் கட்டு, தாமரைக் காய், கமுகம்பாளை, விளாங்கோது எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, மேலே வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்கள். நெல்லுக்கென்று ஒரு மணம் இருக்கிறதே, அதோடு வார்னிஷும் அறைக்கு அடிக்கிற வாசனையும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கியது. இலையுதிர்காலச் சோடினையாம். வெள்ளைக்காரர் வருகிற மாதம் என்பதால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று செய்ததாம்.

மேசைக்கு மேலே, ஓலையைக் குருவி குருவியாக மடித்துப் பின்னிய குருத்தோலைத் தோரணம் தொங்கியது. மூன்று குருவி, தலை கீழே. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் நாலு குருவி வைத்து, தலை மேலே பார்க்கக் கட்டுவோம். மூன்றாகத் தலை கீழே தொங்கினால் அது செத்தவீடு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வரவேற்பு மேசையில் நின்ற பிள்ளையிடம் சொன்னேன். "அப்பிடியா அன்ரி? டிசைன் வடிவா இரிக்கெண்டு கட்டினது" என்று சிரித்தாள்.

நான் வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தேன். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தெரியாமல் செய்தவள். நான் எல்லாம் தெரிந்துகொண்டு, இதைவிடக் கேவலமான ஒன்றை உன் வாசலில் செய்தவள். அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது நீயும் இல்லை. ஆருக்குச் சொல்ல? உனக்கே எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே வகுப்பு. கணக்குப் பாடத்தில் உன் கொப்பியைப் பார்த்து எழுதித்தான் நான் பாஸ் பண்ணினேன். பிறகு என் அண்ணனைக் கட்டி எனக்கு மச்சாள் ஆனாய். வதனி பிறந்தாள். அவளுக்குப் பதினொரு வயது முடிய முன்னம் கடல் வந்தது. மூன்றாம் நாள் அவளைக் களப்போரத்துக் கண்ணாமரப் பத்தைக்குள் இருந்து எடுத்தார்கள். நீ அப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாய். மெஷினால் ஒரு பெரிய கிடங்கு வெட்டி, ஊரில் எடுத்த எல்லாரோடும் அவளையும் தாட்டார்கள். பறை இல்லை, வெள்ளை கட்டவில்லை. அண்ணன் மட்டும் நின்றார். அவர் கட்டியிருந்த சாரமும் ஆரோ கொடுத்தது.

பிறகு கூடாரம். கூடாரத்திலேயே ரெண்டு வருஷம் போய், வாகரையில் சண்டை தொடங்க எல்லாரும் காட்டுக்குள்ளால் நடந்தோம். அந்த நடையில்தான் ஷெல் விழுந்து அண்ணன் போனார். அவருக்கு வெட்டிய கிடங்கு ஒரு முழம் ஆழமும் இருக்காது. பின்னால் வந்தவர்கள் "நடங்க, நடங்க" என்று தள்ளினார்கள். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

சண்டை முழுக்க முடிந்த வருஷம் ஐப்பசியில் எங்கள் ஊரில் புது வீடுகள் கட்டி முடிந்தன. நான் அந்த வேலையில் கள உத்தியோகத்தராக இருந்தேன். பட்டியலில் உன் பெயரை வைத்திருக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். எங்கள் பொறுப்பாளர் கூட்டத்துக்குக் கூட்டம் இதையே சொல்வார்: "தனி மனுசிக்கு ரெண்டறை வீடு எதுக்கு? அந்தப் பேரை வெட்டினா ஒரு குடும்பத்துக்குக் குடுக்கலாம்." குடும்பம் இருந்தது, அதைத்தான் கடலும் ஷெல்லும் கொண்டுபோனது என்று நான் சொன்னால், பேனையைத் திருப்பித் திருப்பி மேசையில் தட்டிக்கொண்டு இருப்பார். திறப்பு விழா முடிந்து கையெழுத்து விழும் வரைக்கும் உன் வீடு உன் வீடில்லை.

அப்போதுதான் வீடுகளுக்குக் காசு கொடுத்த நாட்டிலிருந்து அந்த மனுசி வந்தார். பொல்லாத மனுசி இல்லை. நல்ல மனம், இனிப்பான பேச்சு. அதனால்தான் நினைக்க இன்னும் அரியண்டமாக இருக்கிறது. எல்லாப் பெண்களையும் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டு, தங்கள் நாட்டில் இது இலையுதிர்காலம் என்றும், இந்த நாட்களில் வீடுகளைக் கதிர், காய், விதை, இலை என்று அந்தப் பருவத்தில் மண்ணில் கிடைக்கிறதை வைத்தே அலங்கரிப்பார்கள் என்றும் சொன்னார். நீங்களும் புது வீடுகளை அப்படிச் சோடித்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும், போட்டி வைப்போம், வடிவான வீட்டுக்குப் பரிசு என்றார். ஒவ்வொரு வசனத்தையும் நான்தான் தமிழில் சொன்னேன், முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு.

நீதான் கேட்டாய். "இலை உதிருற காலமோகா? நமக்கு உதிர்ந்தது இலையா?" நீ என்ன சொல்கிறாய் என்று மனுசி என்னைக் கேட்டார். "சந்தோஷமாம்" என்று சொன்னேன். உனக்கு இங்கிலீஷ் விளங்கும். நீ என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாய்.

ஆனால் சொல்ல வேண்டும், அடுத்த ரெண்டு நாளும் ஊரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் குளத்தில் இறங்கித் தாமரைக் காய் பிடுங்கினார்கள். வவுணதீவு வயல் வட்டையில் இருந்து ஆரோ ஒரு பெட்டி நிறையக் கதிர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாக்கியம் அக்கா விளாம்பழங்களைக் கயிற்றில் கட்டி யன்னலில் தொங்கவிட, மத்தியானம் குரங்கு வந்து முழுவதையும் கொண்டுபோனது. "பரிசையும் நீயே எடுத்திட்டுப் போ" என்று மரத்தைப் பார்த்து அவள் ஏசின ஏச்சுக்கு நீயும் சிரித்தாய். கடல் வந்த பிறகு உன் பல்லை நான் கண்டது அன்றைக்குத்தான். அதைப் பார்த்து, போட்டி நல்லதுதான் போல என்றுகூட நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் சீருடைக்காரர் வளவு வளவாகப் பார்த்துப் போனார்கள். மழை தொடங்கி வேலியெல்லாம் கார்த்திகைப்பூ பூத்திருந்தது. அது இயக்கத்தின் பூ என்று அப்போது அதற்கு வேறு கருத்து இருந்தது. ஒன்று விடாமல் பிடுங்கச் சொன்னார்கள். பருவத்துப் பூ வேண்டும் என்றால் அந்த மாதத்தில் எங்கள் வேலியில் தானாகப் பூப்பது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, குளத்திலும் வட்டையிலும் தேடிச் சோடிக்க வேண்டுமாம். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. வீடுகளுக்குப் போட்டி இலக்கம் எழுதிய மட்டைகளை ஒட்டிக்கொண்டு போனேன். உன் கதவில் ஒட்டியது ஒன்றாம் இலக்கம். றோட்டோரத்தில் இருந்ததால் பெரியவர்கள் முதலில் நாடா வெட்டப்போவது உன் வீட்டில்தான்.

அடுத்த நாள் விடிய வெள்ளாப்பில் வந்தேன். நீ முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து முடித்திருந்தாய். கதவு நிலையின் ரெண்டு பக்கமும் கதிர்க்கட்டு, அடியில் தாமரைக் காய். நிலைக்கு மேலே ஏழு தோரணம். எவ்வளவு ஒழுங்கான கை உன் கை. ஒரு மடிப்புப் பிசகவில்லை. கிட்டப் போய்த்தான் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் மூன்று குருவி. எல்லாம் தலை கீழே.

"என்ன மச்சாள் இது? குடிபுகப்போற வீட்டில என்ன வேலை பாத்து வச்சிரிக்காய்?" என்றேன். எதிர்ப்புக் காட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். பெரிய ஆட்கள் வந்து நிற்கும்போது அவர்கள் தலைக்கு மேலே இதைத் தொங்கவிட்டு உள்ளுக்குள் சிரிக்கப் பார்க்கிறாய் என்று.

நீ விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாய். "புள்ளைக்கும் அவருக்கும் ஒரு தோரணம் கட்டல்ல, கா. கட்டுறதுக்கு ஒரு வாசல் இரிக்கல்ல. கூடாரத்தில கட்ட எனக்கு மனம் வரல்ல. இண்டைக்கு ஒரு நாளைக்கு இரிக்கட்டும். பின்னேரம் நானே கழட்டிருவன்."

அவ்வளவுதான் நீ கேட்டது. ஒரு பகல்.

எனக்கு அது முழுக்க விளங்கியது மச்சாள். விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. வதனி என் மடியில் வளர்ந்தவள். அவர் என் கூடப்பிறந்தவர். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. எங்கள் பொறுப்பாளரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே, நிமிர்ந்து பார்த்தால் அவருக்குத் தெரியும். அவருக்கு ஒரு சாட்டுப் போதும். உன் பெயரை வெட்டிவிடுவார். உன் வீட்டைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதிதான் உண்மை. மற்றப் பாதி என் சம்பளம். இந்த வீட்டைச் சோடிக்க வைத்த கள உத்தியோகத்தர் ஆர் என்று கேட்டால் என்னைத்தானே காட்டுவார்கள்.

"நேரமில்ல" என்றேன். ஏறி நின்று ஏழையும் அவிழ்த்தேன். மூன்றை நாலாக்கிப் பின்ன எனக்குக் கைவராது, அதற்கு நேரமும் இல்லை. தலைப் பக்கத்தைக் கயிற்றோடு சேர்த்து முடிந்து, வால் கீழே விழத் திருப்பிக் கட்டினேன். மூன்று குருவி, தலை மேலே. அது கலியாணத்துக்கும் ஆகாது, செத்தவீட்டுக்கும் ஆகாது. எங்கள் சனத்தில் ஒருத்தரும் அப்படி ஒன்றை எந்த வாசலிலும் கட்டியிருக்கமாட்டார்கள்.

பெரியவர்கள் வந்தார்கள். நாடா வெட்டினார்கள். பொறுப்பாளர் தோரணத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் நெற்றி சுருங்கியது. பிறகு கமெரா வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் கண்டார்கள், பாக்கியம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த நல்ல மனுசி மட்டும் தோரணத்துக்குக் கீழே நெடுநேரம் நின்று பார்த்தார். மற்ற எந்த வீட்டிலும் இப்படி ஒன்றைக் காணவில்லையாம், மிகப் புதுமையாம். உனக்கு முதல் பரிசு. ஒரு றைஸ் குக்கர். கரண்ட் வராத ஊரில் றைஸ் குக்கர். நீ அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றாய். சிரிக்கச் சொல்லுங்கள் என்றான் படம் எடுத்தவன். அதையும் நான்தான் உனக்குச் சொன்னேன். நீ சிரித்தாய்.

அந்தப் படத்தை அடுத்த வருஷம் அவர்களுடைய புத்தகத்தின் முன்மட்டையில் போட்டார்கள். எனக்கு ஐந்து பிரதி தந்தார்கள். ஐந்தையும் அடுப்பில் வைத்தேன். எரியும்போதும் மினுங்கும் காகிதம் என்ன நாற்றம் நாறியது.

நீ அந்த வீட்டில் பல வருஷம் இருந்தாய். கையெழுத்தும் விழுந்தது, காணி உறுதியும் வந்தது. நான் வரும்போதெல்லாம் மீன் வாங்கிச் சமைத்தாய். அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. தோரணத்தைப் பின்னேரம் நீயே கழற்றினாயா, மழையில் தானாக அழுகி விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க முகமில்லை. சீனி வருத்தம் முற்றிக் கால் ஒன்றை எடுத்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் நீ என் தலையைத் தடவி, "நரைச்சிட்டுகா உனக்கு" என்றாய். அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உன் செத்தவீட்டுக்கு நான் வர முன்னமே அயலவர்கள் தோரணம் கட்டியிருந்தார்கள். மூன்று, தலை கீழே, சரியாக. "மச்சாள் முறைக்கு நீயும் ஒண்டு கட்டன்" என்று பாக்கியம் அக்கா ஓலையை நீட்டினாள். என் கை அதில் படவே எனக்குக் கூசியது. வேலை இருக்கிறதாகச் சொல்லிக் வளவு வாசல் கடப்படிக்குப் போய் நின்றேன்.

எல்லாரையும் ஏசி எழுதிவிட்டேன். ஹோட்டல்காரரை, பொறுப்பாளரை, படம் எடுத்தவனை, பாவம் அந்த மனுசியையும். ஒன்றை மட்டும் இவ்வளவு நேரமும் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். நீ என்னை ஏசியிருந்தால், ஒரு அறை அறைந்திருந்தால், இத்தனை வருஷத்தில் அது ஆறிப் போயிருக்கும். நீ செய்தது ஆறவில்லை. விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் அதைத்தான் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உன் வாசலுக்குப் படி இன்னும் கட்டியிருக்கவில்லை. நான் ஏறி நின்றது விருந்தாளிகளுக்கென்று இறக்கிய பிளாஸ்டிக் கதிரை. மழை ஈரத்தில் அதன் ஒரு கால் புதைந்து ஆடியது. நான் உன் பிள்ளையின் தோரணத்தை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருக்க, நீ வந்து ரெண்டு கையாலும் அந்தக் கதிரையை இறுக்கிப் பிடித்தாய். ஏழாவதையும் நான் திருப்பிக் கட்டி முடிக்கும் வரைக்கும் விடவில்லை.

"மெல்லகா" என்றாய். "விழுந்திடாத."