நாட்டைச் சொல்லிவிட்டுப் பேசுகிறவள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அங்கே நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசலாமென்றால் உன் தங்கை அடுத்த அறையில் இருக்கிறாள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்தான் ஓயவில்லை. உங்கள் நாட்டில் வரப்போகிற சட்டத்தைப் பற்றிச் செய்தி வந்துவிட்டால் டிவியை விட்டு நகர மாட்டேன் என்கிறார். போனில் பேசும் வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி கூடுதல் வரி கட்ட வேண்டும், பேசுகிறவர் எந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கூப்பிட்டவருக்குப் பிடிக்காவிட்டால் உள்ளூர் ஆளுக்கு மாற்றிவிட வேண்டும், இவ்வளவுதானே? துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தாவாக இருந்த மனுஷர் அல்லவா, சரக்கென்றால் பெட்டியைத் திறந்து பார்த்து வரி போடலாம், பேச்சை எந்தக் கப்பலில் ஏற்றி வருகிறார்களாம் என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிஷமே சின்னவள் ஞாபகம் வந்துவிடுகிறது.

உங்கள் நாட்டுக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்வதுதானே அவள் வேலை, அவள் கம்பெனியில் சட்டம் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தலை வாரும்போதும் செருப்பு மாட்டும்போதும் பெயர், கம்பெனி, நாடு என்று அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறாள். நாட்டைச் சொன்னதும் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்களாம். அப்படி வைத்தாலும் அது இவள் குறையாகத்தான் ஏறுமாம், இது எந்த ஊர் நியாயம்? போன வாரம் நம் வீட்டுப் போனை எடுத்தும் அதையே சொல்லித் தொலைத்தாள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பாவம், தப்பான நம்பர் போலிருக்கிறது என்று வைத்துவிட்டார். சட்டம் நிறைவேறினால் இவள் பிரிவையே மூடிவிடுவோம் என்று மேனேஜர் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

வேலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போய் உன் ஆபீசிலும் பாதி நாற்காலி காலி, மிச்சமாவது நிற்க இந்தச் சட்டம் வேண்டுமென்று அட்டை பிடித்துத் தெருவில் நின்றதாகச் சொன்னாய், தங்கைக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னாய். நான் மூச்சு விடவில்லை. ஆனால் கும்பிட நின்றால் என்ன கேட்பதென்றே தெரியவில்லையடா. சட்டம் வரட்டும் என்றால் இவள் பிழைப்பில் மண், வர வேண்டாம் என்றால் உன் பிழைப்பில். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று வைக்கப் பெற்றவளுக்கு வருமா? பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்க விடுகிறேன், பூட்டின கதவையே திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறேன்.

நேற்று காய் நறுக்கும்போது அவளே ஆரம்பித்தாள். உன் சிநேகிதன் யாரோ போட்ட படத்தில் உன்னையும் அட்டையையும் எப்போதோ பார்த்துவிட்டாளாம், எனக்கும் காட்டினாள். "அண்ணன் அவன் வேலைக்காக நின்னான்மா. அவன் இடத்துல நான் இருந்தா நானும்தான் நின்னிருப்பேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, மிச்சக் காயையும் நறுக்கி முடித்தாள், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

சட்டம் சரியா தப்பா என்று சொல்ல எனக்குத் தெரியாது. அட்டையைக் கீழே போடு என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், வேலையை விட்டுவிடு என்று அவளிடமும் சொல்ல மாட்டேன். குளிரில் தொப்பியில்லாமல் நிற்காதே, படத்தில் காதெல்லாம் சிவந்து கிடக்கிறது. மருமகளையும் வேளைக்குச் சாப்பிடச் சொல்.

இரண்டு பேர் வேலையும் நிலைக்கட்டும். அது எப்படி நடக்கும் என்று அப்பாவைப் போலக் குறுக்குக் கேள்வி கேட்காதே, ஆசீர்வாதத்துக்கெல்லாம் சட்டம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. என்னைக் கூப்பிட்டு அவளைக் கேட்காமல் நேராக அவள் நம்பருக்கே கூப்பிடு. பழக்கதோஷம், எடுத்ததும் பெயரையும் நாட்டையும்தான் சொல்லுவாள். நீயாவது வைத்துவிடாதே.

உன் அம்மா