முந்நூறு வருஷப் பானை

காஜா பேராங், 12-1-1958, ஞாயிறு

தெங்கேராவில் பழைய சாமான் கடையில் வாங்கிய மண்பானை முந்நூறு வருஷப் பழசு என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி கமலம் ஒரு வாரமாக அதை வாசற்படி தாண்ட விடவில்லை. "எந்தச் செத்தவன் சாம்பல் இருந்துச்சோ!"

நாளை நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நானே சோதித்துவிடலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உடனே உறிஞ்சிக்கொண்டது. பழசுதான் என்றேன்.

"எந்த மண்பானையும்தான் உறிஞ்சும்" என்று கமலம் வெந்நீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். முந்நூறு வருஷக் கறை மூன்றே நிமிஷத்தில் கரைந்து ஓடியது. தேயிலை வாசம் வேறு. அடியில் பளிச்சென்று புதுச் சிவப்பு.

கேலி செய்வாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகமோ மலர்ந்துவிட்டது.

"புதுசுதானே? நாளன்னிக்குப் பொங்கலுக்கு ஆச்சு."

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "கல்யாணமாகி ஒம்பது வருசத்துல இப்பத்தான்க்கா, பொங்கப் பானைய அவரே பாத்து வாங்கிட்டு வந்திருக்காரு."

நண்பர்களைப் பொங்கலன்றே வரச் சொல்லிவிட வேண்டியதுதான்.